மூன்று வாரமாகியும் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கவில்லை: தோட்டத் தொட்டியில் என்ன கோளாறு?

கேட்டவரின் நிலைமை இது. சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் ஒரு தரைவீடு. பின்புறத்தில் 1.2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழத்தில் ஃபைபர் தொட்டிக்குளம். மீன் வளர்ப்பதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. பலத்த மழைக்குப் பிறகு ஒருநாள் பார்த்தால், கறுப்புக் கறுப்பாக நூற்றுக்கணக்கில் தலைப்பிரட்டைகள். மூன்று வாரமாகியும் ஒன்றுக்கும் கால் முளைக்கவில்லை, நாள்தோறும் நாலைந்து செத்து மிதக்கின்றன. ரொட்டித் துண்டு போடுகிறார். வாளியில் ஓர் இரவு வைத்திருந்த குழாய்நீரை ஊற்றுகிறார். கொசுச் சோதனைக்கு ஆள் வந்தால் என்ன சொல்வது என்ற கவலை வேறு. மகளோ ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கலாமா என்கிறாள். “இவை வளர நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கால் முளைக்காதது கோளாறா? சாவு எதனால்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் “இல்லை” என்பதே பதில். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. அன்போடு ஊற்றும் குழாய்நீரும் போடும் ரொட்டியும்தான் சந்தேகத்துக்குரியவர்களின் வரிசையில் முன்னால் நிற்கின்றன.

முதலில் இவை எதன் குஞ்சுகள் என்று பார்க்க வேண்டும். காலக்கணக்கு இனத்துக்கு இனம் மாறும். படமில்லாமல் உறுதியாகச் சொல்ல இயலாது, நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வதும் ஆபத்து. இருந்தாலும் நம் வீட்டுத் தோட்டங்களுக்கு வருபவை சில இனங்களே. உடல் முழுக்கக் கறுப்பு, வாலோடு சேர்த்தே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது, கூட்டமாகத் திரியும், தொடக்கத்தில் செடித் தண்டுகளைச் சுற்றி நீளமான வழுவழுப்பான கயிறும் அதற்குள் கறுப்பு மணிகள் கோத்ததுபோல் முட்டையும் இருந்தன என்றால் அது ஆசியத் தேரை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதேதான். பழுப்போ பச்சையோ கலந்த நிறம், நான்கைந்து சென்டிமீட்டர் வரை வளரும் உடல், மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி என்றால் நான்குகோட்டு மரத்தவளை. அதன் முட்டை தண்ணீரில் இருக்காது. நீருக்கு மேலே சுவரிலோ இலையிலோ சோப்பு நுரைபோல ஓர் உருண்டையாக ஒட்டியிருக்கும். வெளிப்புறம் காய்ந்து மேலோடு போலாகும், உள்ளே ஈரம் நிற்கும். மூன்று நான்கு நாளில் பொரித்த குஞ்சுகள் மழையில் நுரை கரைந்து கீழே விழும்.

மூன்றாவது, மழை கொட்டிய இரவில் சாக்கடைக்குள்ளிருந்து மாடு கத்துவதுபோல் குரல் கொடுக்கும் பட்டைத் தவளை. இதன் முட்டைகள் நீர்மட்டத்தில் படலமாக மிதக்கும், ஒரே நாளில் பொரிந்துவிடும். தலைப்பிரட்டை உருண்டையாக இருக்கும். சூடான ஆழமற்ற நீரில் இரண்டே வாரத்தில் கரையேறக்கூடியது இது. தேரைக்கு ஐந்திலிருந்து ஏழு வாரம் வரை பிடிக்கும். மரத்தவளைக்கு ஏழு வாரமோ அதற்கு மேலுமோ. ஆகவே கறுப்புத் தேரைக் குஞ்சு மூன்றாவது வாரத்தில் காலில்லாமல் இருப்பது இயல்பு. பட்டைத் தவளைக் குஞ்சு அப்படி இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நூற்றுக்கணக்கு, கறுப்பு, கூட்டம் என்று கேட்டவர் சொல்வதைப் பார்த்தால் தேரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே எழுதியதை வைத்து அவரே சரிபார்த்துக்கொள்ளலாம். பூந்தொட்டிக்கு அடியில் விரல்நகம் அளவே உள்ள பழுப்புத் தவளைகள் துள்ளினால் அவற்றை இந்தக் குளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். கரீபியன் பக்கத்திலிருந்து செடிகளோடு வந்து சேர்ந்த ஓர் இனத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமண்ணில் இட்ட முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

கால் “முளைக்கவில்லை” என்பதும் பல நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான். வெள்ளைக் கிண்ணத்தில் குளத்து நீரையே எடுத்து, ஒன்றை அதில் விட்டு, பூதக்கண்ணாடியால் பக்கவாட்டில் பாருங்கள். உடலும் வாலும் சேரும் இடத்தில், அடிப்பக்கத்தில், இரு புறமும் வெளிறிய சிறு மேடு தெரியும். அதுதான் பின்னங்காலின் மொட்டு. நாளாக நாளாக அது நீண்டு துடுப்புபோல் தட்டையாகும், துடுப்பின் விளிம்பில் வெட்டு விழுந்து விரல்கள் பிரியும், பிறகு முழங்கால் மடிப்பு வரும். முன்னங்கால்களும் அதே நேரத்தில்தான் வளர்கின்றன. ஆனால் செவுளை மூடியிருக்கும் தோலுக்கு அடியில் வளர்வதால் வெளியே தெரியாது. கடைசிக் கட்டத்தில் முழங்கை தோலைத் தள்ளிக்கொண்டு புடைப்பது தெரியும். தேரைக் குஞ்சின் மூச்சுத்துளை உடலின் இடப்பக்கம் ஒன்றே ஒன்றுதான். இடது கை பெரும்பாலும் அந்தத் துளை வழியாகவே வெளியே வந்துவிடும், வலது கை தோலைக் கிழித்துக்கொண்டு வரும். பொரித்த முதல் ஓரிரு நாள் மட்டும் தலைக்கு இருபுறமும் இறகுபோல் வெளிச்செவுள் இருக்கும். அதன்மேல் தோல் வளர்ந்து மூடியபின் உள்செவுள்தான். ஆராய்ச்சியாளர்கள் முட்டையிலிருந்து வால் மறையும் வரை 46 படிகளாகப் பிரித்து எண்ணுகிறார்கள். 1960இல் கோஸ்னர் வகுத்த அட்டவணை அது. முன்னங்கால் வெளிவருவது 42ஆம் படி. வீட்டில் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. மொட்டு, துடுப்பு, விரல், முழங்கை என்ற நான்கையும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

வளர்ச்சியின் வேகத்தை நிர்ணயிப்பது தைராய்டு சுரப்பி. 1912இல் குடர்னாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டுத் திசுவை ஊட்டினார். அவை காலத்துக்கு முன்பே முதிர்ந்து மிகச்சிறிய தவளைகளாயின. அதைப் படித்துவிட்டு அயோடின் சொட்டு விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். நம் தொட்டிகளில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் நெரிசல்தான். 1973இல் வில்பர், காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன விளக்கம் இன்றும் பயன்படுகிறது. உருமாற ஒரு குறைந்தபட்ச அளவு தேவை, அதைத் தாண்டியபின் வளர்ச்சி நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் விலங்கு நீரிலேயே இருந்து பருக்கும், வளர்ச்சி தேய்ந்தால் சிறிதாகவே கரையேறிவிடும். ஆனால் அந்தக் குறைந்தபட்ச அளவையே எட்டவிடாமல் நெரிசல் அமுக்கினால் குஞ்சுகள் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். 1.2 × 0.8 × 0.4 மீட்டர் என்றால் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் 384 லிட்டர். லிட்டருக்கு ஒன்றிரண்டு குஞ்சு என்பது நடைமுறையில் நிம்மதியான அளவு. தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் இடும். எனவே தொடக்கத்தில் எண்ணிக்கை குறைவது இயற்கையின் ஏற்பாடு. நாளுக்கு நாலைந்து சாவு என்பதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், ஆயிரத்தில் நாலைந்து என்றால் அது பேரிழப்பு அல்ல. நூறில் நாலைந்து என்றால் நிலைமை வேறு.

எந்த நேரத்தில் சாகின்றன என்று கவனிப்பதுதான் இங்கே மிகப் பயனுள்ள ஒற்றைத் தகவல். கேட்டவர் அதைச் சொல்லவில்லை, அதனால் எல்லா வாய்ப்பையும் எழுதுகிறேன். விடியற்காலையில் செத்துக் கிடந்தால் ஆக்சிஜன் குறைவைச் சந்தேகிக்கலாம். பாசியும் செடியும் பகலில் ஆக்சிஜன் வெளிவிடும், இரவில் அவையும் சேர்ந்து உள்ளிழுக்கும். அழுகும் ரொட்டியில் பெருகும் நுண்ணுயிர்கள் மீதியைத் தின்னும். சூரியன் எழுமுன் அளவு அடிமட்டத்துக்கு வந்துவிடும். 30 பாகை வெப்பத்தில் நீரால் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்க முடியும் என்பதால், நம் ஊரில் தொடக்க இருப்பே குறைவு. மரத்தவளைக் குஞ்சுக்கு நுரையீரல் இருக்கிறது, மேலே வந்து காற்றை விழுங்கித் தப்பிக்கும். தேரைக் குஞ்சுக்கு உருமாறும் கட்டம் வரை வேலை செய்யும் நுரையீரல் இல்லை. அதனால் ஒரே தொட்டியில் இரண்டும் இருந்தால் முதலில் போவது கறுப்புக் குஞ்சுகள்தான். சிறிய காற்றுக் குமிழிக் கருவி ஒன்றை இரவில் ஓடவிட்டால் இந்தப் பிரச்சினை அன்றே தீரும்.

பிற்பகலில் செத்தால் வெப்பமும் அம்மோனியாவும். தலைப்பிரட்டை தன் கழிவை அம்மோனியாவாகவே வெளியேற்றும். நீரில் அது இரு வடிவில் இருக்கும், அதில் ஒரு வடிவமே விஷம். 30 பாகையில், பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இல்லை. பிஎச் 8 என்றால் ஏழெட்டு விழுக்காடு. பிஎச் 9 என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவு. பச்சையாகிப்போன குளத்தில் வெயில் ஏறஏறப் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் பிற்பகலில் 9ஐத் தொடுவது சாதாரணம். காலையில் சோதித்து “அம்மோனியா கொஞ்சம்தான்” என்று விட்டுவிட்ட அதே நீர் மாலை மூன்று மணிக்கு வேறு நீர். மீன்கடையில் கிடைக்கும் சோதனைத் திரவத்தால் அம்மோனியாவையும் பிஎச்சையும் பிற்பகலில் சேர்த்தே பாருங்கள். மேற்பரப்பில் பாதிக்கு நிழல் கொடுங்கள், மிதக்கும் செடியோ நிழல்வலையோ எதுவும் சரி. அடியில் சேர்ந்த ரொட்டிச் சேற்றை மெதுவாக உறிஞ்சி எடுங்கள்.

தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் துவண்டால் ஐயமே வேண்டாம், குழாய்நீர்தான். “ஓர் இரவு வைத்தால் குளோரின் பறந்துவிடும்” என்பது குளோரின் மட்டும் கலக்கும் ஊர்களுக்குப் பொருந்தும். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் நீரில் கிருமி நீக்கத்துக்கு இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன். அது நெடுந்தூரக் குழாயில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது, வாளியில் ஓர் இரவில் போய்விடாது. செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து பாதிக்கும். மீன்கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியில் சோடியம் தயோசல்பேட்டோ அதுபோன்ற ஒன்றோ இருக்கும். புட்டியில் “குளோரமைனுக்கும்” என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளோரமைனுக்கான அளவு சாதாரண அளவைவிடக் கூடுதலாக எழுதப்பட்டிருக்கும். குளோரமைன் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும் என்பதால், ஒரே நேரத்தில் பாதித் தொட்டியை மாற்றுவது சரியல்ல. வாரத்துக்கு ஒருமுறை பத்திலிருந்து இருபது விழுக்காடு போதும். இந்தத் தொட்டிக்கு 40இலிருந்து 75 லிட்டர். நீக்கியை வாளியிலேயே கலந்து, குளத்தின் வெப்பத்துக்கு வந்தபின் மெதுவாக ஊற்றுங்கள். மழைநீர் இருந்தால் அதுவே மேல். ஆனால் பிடித்த மழைநீரை மூடாமல் வைத்தால் அதுவே கொசுத்தொட்டியாகிவிடும்.

குஞ்சுகளோடு சேர்ந்து நீர்ப்பூச்சிகளும் ஒரே நாளில் மொத்தமாகச் செத்தால் மருந்து. பேட்டையில் கொசுப் புகையடிக்கப் பயன்படும் பைரித்ராய்டு வகைகள் மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் கொடிய நஞ்சு. புகையடிக்கும் அறிவிப்பு வந்தால் அந்த நேரத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பால் குளத்தை மூடி, அடங்கியபின் திறந்துவிடுங்கள். வெயிலில் மூடியே வைத்திருந்தால் விரிப்பே கொன்றுவிடும். செப்பு கலந்த பாசிக்கொல்லி, நத்தைக்கொல்லி, பக்கத்துப் புல்வெளியில் தெளிக்கும் களைக்கொல்லி இவை மூன்றும் விலக்கு. களைக்கொல்லிகள் சிலவற்றில் மூல மருந்தைவிட, அது இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்புப் பொருளே குஞ்சுகளுக்கு அதிகக் கேடு. மீனுக்கு நோய் வந்தால் உப்புப் போடும் பழக்கத்தையும் இங்கே நிறுத்த வேண்டும். உவர்நீரைத் தாங்கும் குஞ்சு நம் ஊரில் நண்டுண்ணித் தவளைக்கு உண்டு, தேரைக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது.

செத்த குஞ்சின்மேல் வெள்ளைப் பஞ்சுபோல் பூத்திருப்பதைப் பார்த்துப் பூசண மருந்து வாங்க ஓட வேண்டாம். அது பெரும்பாலும் செத்தபிறகு வந்த பூசணம். வயிறு உப்பித் தலைகீழாக மிதப்பவை இருந்தால் நீரின் தரத்தைப் பாருங்கள், குஞ்சுக்கு மருந்து இல்லை. எண்ணிக்கை குறைகிறது, ஆனால் பிணமே கிடைக்கவில்லை என்றால் யாரோ தின்கிறார்கள். சந்தேகப்பட வேண்டியது தட்டானின் நீர்வாழ் புழு. பழுப்பாக, அடிச்சேற்றில் அசையாமல் கிடக்கும். கீழுதடு மடித்த கைபோல் முகத்துக்கு அடியில் இருக்கும், குஞ்சு பக்கத்தில் வந்தால் அதை நீட்டிப் பிடித்துவிடும். அதை எடுத்துப்போடலாமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். கொசுப்புழுவைத் தின்பதில் அது கெட்டி.

உணவு. ரொட்டி, சோறு, பிஸ்கெட் எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். தேரை, மரத்தவளைக் குஞ்சுகளின் வாயில் கொம்புபோன்ற சிறு அலகும் வரிசை வரிசையாக நுண்பற்களும் உண்டு. தொட்டிச் சுவரில், இலையில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னவே அவை அமைந்திருக்கின்றன. சுருள் சுருளாக நீண்ட குடலும் அதற்குத்தான். 384 லிட்டர் குளத்துச் சுவரில் வழுவழுப்பான பச்சைப் படலம் இருந்தால் கையால் போட வேண்டிய அவசியமே இல்லை. சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்வது அவற்றின் சாப்பாட்டைத் தூக்கி எறிவது. நெரிசல் அதிகமாகிப் படலம் முழுக்கச் சுரண்டப்பட்டுச் சுவர் வெறுமையாகத் தெரிந்தால் மட்டும், நன்றாகக் கழுவிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த லெட்டூஸ் இலை ஒன்றிரண்டு போடலாம். மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பசலை வகைகளை நாள்தோறும் போடாதீர்கள், அவற்றிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். பட்டைத் தவளைக் குஞ்சுக்கு இலை போட்டு எந்தப் பயனும் இல்லை. அதற்கு அலகும் இல்லை, பற்களும் இல்லை, நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும். பச்சை நீரே அதற்குச் சாப்பாடு. அதைத் தெளிய வைக்கப் பாடுபட்டால் பட்டினிதான் மிச்சம்.

கொசுவைப் பற்றிய பயம் நியாயமானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் வந்துவிடும், தரைவீடுகளில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனை வழக்கமானது. “தலைப்பிரட்டை இருக்கிறது, கொசுப்புழுவைத் தின்றுவிடும்” என்று அதிகாரியிடம் சொல்லாதீர்கள். நம் தோட்டத்து இனங்கள் கொசுப்புழுவைக் கட்டுப்படுத்தும் அளவுக்குத் தின்பதில்லை. கப்பி மீன் தின்னும், ஆனால் அது தவளை முட்டையையும் பொரித்த குஞ்சையும் சேர்த்தே தின்னும். மூன்று வாரம் வளர்ந்த தேரைக் குஞ்சைக் கப்பியால் ஒன்றும் செய்ய முடியாது. தோலில் நஞ்சு இருப்பதால் வாயில் வைத்த மீனும் துப்பிவிடும். எனவே இப்போதைய நிலையில் நான்கைந்து கப்பி விடுவது பெரிய இழப்பு ஆகாது. மரத்தவளைக் குஞ்சாக இருந்தால் மீன் வேண்டாம். மீன் இல்லாமல் போக விரும்பினால் சிறிய மோட்டாரால் மேற்பரப்பு எப்போதும் லேசாக அசைந்துகொண்டிருக்கட்டும், வாரம் இருமுறை ஓரங்களில் மென்வலையை ஓட்டிப் புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரின் உறிஞ்சு வாயைக் கரடுமுரடான பஞ்சால் சுற்றிக் கட்டுங்கள். கட்டாத மோட்டார் எந்தப் பூச்சியைவிடவும் அதிகக் குஞ்சுகளைக் கொல்லும். கொசு எண்ணெயை மட்டும் ஊற்றாதீர்கள். மேல்வந்து காற்றை விழுங்கும் குஞ்சுகளுக்கும் அந்தப் படலம் கேடுதான். பிடிஐ என்ற நுண்ணுயிர் மருந்தைப் புட்டியில் குறித்த அளவில் போடுவது மற்றப் பூச்சிமருந்துகளைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. அளவை மீறினாலும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி வரப்போகும் ஆபத்து. ஃபைபர் தொட்டி வைத்திருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். முன்னங்கால் வெளிவந்த நாளிலிருந்து விலங்கு தின்பதை நிறுத்திவிடும். வாய் அகன்று, அலகு உதிர்ந்து, குடல் சுருங்கிப் பூச்சி தின்னும் உறுப்பாக மாறிக்கொண்டிருக்கும். வாலைக் கரைத்து அதிலிருந்தே உடல் பிழைக்கும். செவுள் மூடிக்கொண்டிருக்கும், நுரையீரல் அப்போதுதான் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும். இந்த மூன்று நான்கு நாளில் பிடித்து ஏற ஒன்றும் இல்லாவிட்டால், நீரிலேயே பிறந்து வளர்ந்தது நீரிலேயே மூழ்கிச் சாகும். மரத்தவளைக் குட்டிக்கு விரல் நுனியில் ஒட்டும் வட்டு இருக்கிறது, செங்குத்தான சுவரிலும் ஏறிவிடும். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தேரைக் குட்டியால் வழுக்கும் ஃபைபர் சுவரில் ஏற முடியாது. அதனால் பின்னங்காலில் விரல் பிரிவது தெரிந்த அன்றே படிக்கட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் செங்கற்களை அடுக்கி, அதன்மேல் கரடான பலகையையோ தேங்காய் மட்டையையோ சரிவாக வையுங்கள். சரிவு 30 பாகைக்கு மேல் போக வேண்டாம். கீழ்முனை நீருக்குள் நன்றாக முழுகியிருக்க வேண்டும், மேல்முனை தொட்டி விளிம்பைத் தாண்டி வெளியே போக வேண்டும். பக்கவாட்டில் இடைவெளி விட்டால் அதற்குள் சிக்கும், கூழாங்கல்லால் அடைத்துவிடுங்கள். தொட்டியின் நான்கு ஓரமும் நீளமாக இருப்பதால் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று வைப்பது நல்லது. நடுவில் மரக்கட்டை ஒன்றிரண்டை மிதக்கவிடுங்கள். நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி விளிம்புக்கு எட்டாமல் செய்துவிடாதீர்கள். சரிவு வைத்தபின் மட்டம் மாறாமல் இருப்பதே முக்கியம்.

வெளியே வந்த இடம் வெந்த சிமெண்டுத் தரையாக இருந்தால் அரைமணியில் காய்ந்துவிடும். சரிவின் மேல்முனையில் தொடங்கி செடிப்பாத்தி வரை காய்ந்த இலையும் ஈரமும் தொடர்ச்சியாக இருக்கட்டும். தேரைக் குட்டிகள் பெரும்பாலும் மழை பெய்த பிறகு ஒரே நாளில் கூட்டமாகக் கிளம்பும். அந்த வாரம் புல்வெட்டும் ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாய் வளர்க்கிறீர்களென்றால் குட்டித் தேரையைவிடத் தாய்த்தேரைதான் கவலைக்குரியது. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியிலிருந்து வரும் பால் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. நாய் கடித்து எச்சில் வடிந்தால், வாயின் உட்புறத்தை நீரால் முன்னோக்கிக் கழுவி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மகளின் ஆசைக்கு வருவோம். பார்ப்பதற்காக ஒன்றை வெள்ளைக் கிண்ணத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்ப விடுவதில் குற்றமில்லை. கையை நனைத்துக்கொண்டு தொடச் சொல்லுங்கள். கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையென்றால் தொடவே வேண்டாம். நிரந்தரமாகக் கண்ணாடித் தொட்டியில் வைப்பது வேறு விஷயம். 2020 ஜூனிலிருந்து வனவிலங்குச் சட்டம் என்ற பெயரில் இருக்கும் சட்டப்படி, காட்டு விலங்கைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கும் வேறிடத்தில் விடுவதற்கும் அனுமதி வேண்டும். தவளையும் அதில் அடக்கம். நடைமுறைச் சிக்கலும் உண்டு. தலைப்பிரட்டையை வளர்ப்பது சுலபம், வால் மறைந்த மறுநாள் அதற்கு உயிரோடு அசையும் பூச்சி வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், நாள்தோறும். எறும்பு, இலைத்தத்துக்குஞ்சு, கரையான் என்று தோட்டம் அதைத் தானாகக் கொடுக்கும். கண்ணாடித் தொட்டி கொடுக்காது. நெரிசல் தாங்கவில்லை என்று வாளியில் அள்ளிப் பக்கத்துப் பூங்காக் குளத்தில் கொட்டும் யோசனையும் வேண்டாம். சட்டம் ஒருபுறமிருக்க, ஒரு குளத்து நீரோடு அதன் நோய்க்கிருமியும் போகும். இடம் போதவில்லையென்றால் உங்கள் தோட்டத்திலேயே இன்னொரு பெரிய தொட்டியை வைத்து, குளத்து நீரைப் பாதிக்குப் பாதி கலந்து பிரித்துவிடுங்கள். அதற்கும் சரிவும் கொசுப் பாதுகாப்பும் தேவைப்படும்.

இந்த வாரத்து வேலையை வரிசைப்படுத்துகிறேன். முதல்நாள் ரொட்டியை நிறுத்தி அடிச்சேற்றை எடுப்பது, இரவில் காற்றுக் குமிழி ஓட்டுவது. மறுநாள் பிற்பகல் அம்மோனியாவும் பிஎச்சும் பார்ப்பது. அம்மோனியா தெரிந்தால் குளோரமைன் நீக்கிய நீரில் 40 லிட்டர் மாற்றுவது, தெரியாவிட்டால் நீரைத் தொடாமல் விடுவது. பிறகு ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை நாலைந்து குஞ்சுகளைக் கிண்ணத்தில் விட்டுப் பின்னங்கால் மொட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் மொட்டு நீளவே இல்லை, நீரும் சரியாக இருக்கிறது என்றால் நெரிசல்தான், பிரித்துவிட வேண்டியதுதான். எல்லாம் ஒரே நாளில் கரையேறும் என்று எதிர்பார்க்காதீர்கள். முந்தியவற்றுக்கும் பிந்தியவற்றுக்கும் இரண்டு மூன்று வாரம் இடைவெளி இருக்கும், முந்தியவை போனபின் இடம் கிடைத்ததும் குட்டையாகக் கிடந்தவை திடீரென்று வளரும். கடைசி வால் மறையும்வரை தொட்டியைக் கழுவாதீர்கள். அதன்பிறகும் அடிச்சேற்றில் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் அள்ளுங்கள். அம்மோனியாவைத் தின்று நீரைச் சரியாக வைத்திருக்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அந்தப் பாதியில்தான்.